பிரிஸ்பேன் வேலி ரயில் டிரெயில்: பிள்ளைகளோடு ஆறு நாள் சைக்கிள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், இப்ஸ்விச் நகரை ஒட்டிய வுல்குராகாவிலிருந்து வடமேற்கே யாரமன் வரை 161 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய ரயில் தடம் ஒன்று ஓடுகிறது. தண்டவாளங்களை எடுத்தாயிற்று. இப்போது அதில் சைக்கிளும் குதிரையும் நடைபயணிகளும் மட்டுமே போகலாம், மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பிரிஸ்பேன், இப்ஸ்விச், ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வீட்டு வாசலில் இருக்கிற பாதை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போய்வரத் தோதானது. ஆனால் வழுவழுப்பான பூங்காப் பாதை என்று நினைத்துக் கிளம்பினால் இரண்டாம் நாளே பிள்ளை அழும்.

ரயில் பாதைதானே, ஏற்றம் இருக்காது என்ற கணக்கு இங்கே பாதிதான் சரி. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது என்பதால் தடத்தின் பொதுவான சாய்வு மென்மையானதுதான். ஆனால் ஓடைகளின் மேல் இருந்த மரப்பாலங்கள் பல இடங்களில் இப்போது இல்லை. அங்கெல்லாம் பாதை கரையிலிருந்து சரேலென்று ஓடைக்குள் இறங்கி, மறுபக்கம் அதே வேகத்தில் ஏறுகிறது. எட்டு வயதுப் பிள்ளையைக் களைக்க வைப்பதும் சைக்கிளிலிருந்து தள்ளிவிடுவதும் இந்தப் பள்ளங்கள்தான். எனவே ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை முடிவு செய்யும்போது பள்ளங்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தடத்தின் வயதையும் தெரிந்துகொள்ளலாம். இப்ஸ்விச் பக்கமிருந்து லோவுட் வரை 1884-இல் ரயில் வந்தது. எஸ்க் 1886, டூகூலாவா 1904, லின்வில் 1910, யாரமன் 1913 என்று துண்டு துண்டாக நீண்டது. மரமும் பாலும் மாடுகளும் ஏற்றிய பாதை. 1990-களின் தொடக்கத்தோடு அதன் காலம் முடிந்தது. கிளாரெண்டன் பக்கம் லாக்கியர் ஓடையின் மேல் உள்ள பழைய ரயில் பாலத்தைச் சீரமைத்துத் திறந்த பிறகு, 2018-இல் முழுப்பாதையும் ஒன்றாக இணைந்தது.

திசையும் நாள் கணக்கும்

யாரமனில் தொடங்கி வுல்குராகாவில் முடியுங்கள். யாரமன், பிளாக்பட், பெனார்கின் மூன்றும் மலைத்தொடரின் மேல் இருக்கின்றன. லின்வில் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெனார்கினுக்கும் லின்விலுக்கும் இடையே 19 கிலோமீட்டரில் 300 மீட்டருக்கு மேல் இறக்கம். அதை எதிர்த்திசையில் ஏறிய பிள்ளை அடுத்த முறை சைக்கிள் பக்கமே வராது. இன்னொரு லாபம், முடிவில் புறநகர் ரயில் நிலையம் இருப்பது. யாரையும் எதிர்பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பலாம்.

ஊர்களுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய இப்படி: யாரமன் – பிளாக்பட் 18, பிளாக்பட் – பெனார்கின் 4, பெனார்கின் – லின்வில் 19, லின்வில் – மூர் 7, மூர் – ஹார்லின் 12, ஹார்லின் – டூகூலாவா 17, டூகூலாவா – எஸ்க் 19, எஸ்க் – கூமினியா 24, கூமினியா – லோவுட் 12, லோவுட் – ஃபெர்ன்வேல் 8, ஃபெர்ன்வேல் – வுல்குராகா 22 கிலோமீட்டர்.

8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் சொந்த சைக்கிளில் வந்தால் ஆறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்:

முதல் நாள்: யாரமன் – பிளாக்பட், 18 கி.மீ.
இரண்டாம் நாள்: பிளாக்பட் – லின்வில், 23 கி.மீ.
மூன்றாம் நாள்: லின்வில் – டூகூலாவா, 36 கி.மீ.
நான்காம் நாள்: டூகூலாவா – எஸ்க், 19 கி.மீ.
ஐந்தாம் நாள்: எஸ்க் – லோவுட், 36 கி.மீ.
ஆறாம் நாள்: லோவுட் – வுல்குராகா, 30 கி.மீ.

நீள நாளும் குறுகிய நாளும் மாறி மாறி வருவது வேண்டுமென்றே செய்தது. 27, 27 என்று சமமாகப் பங்கிட்டால் இரவு தங்க ஊர் கிடைக்காது. குட்டையான நான்காம் நாள், முந்தின நாளின் தொடைவலி ஆறுவதற்கு. முழுவதும் முடியாது என்றால் பிளாக்பட்டிலிருந்து எஸ்க் வரை மூன்று நாள், 78 கிலோமீட்டர் மட்டும் போங்கள். பாதையின் சிறந்த பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

வேகத்தைக் கூட்டிப் போடாதீர்கள். சரளை மண்ணில் பத்து வயதுப் பிள்ளை ஓட்டும்போது மணிக்கு 9, 10 கி.மீ. போகும். தண்ணீர் குடிக்க, கேட் திறக்க, பல்லியைப் பார்க்க நிற்பதையெல்லாம் சேர்த்தால் 6 அல்லது 7 ஆகிவிடும். அப்படியென்றால் 36 கிலோமீட்டர் நாள் என்பது ஐந்து முதல் ஆறு மணி நேரம். ஜூன், ஜூலையில் மாலை 5 மணிவாக்கில் இருட்டிவிடும். காலை 7:30-க்குள் சக்கரம் உருளவில்லை என்றால் அந்த நாள் இழுபறியாகிவிடும்.

எந்த மாதம்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஜூன்–ஜூலை பள்ளி விடுமுறை மிகப் பொருத்தம்: பகலில் 20 டிகிரியைச் சுற்றி இருக்கும், ஈ தொல்லை குறைவு. ஆனால் லின்வில், டூகூலாவா போன்ற பள்ளத்தாக்கு ஊர்களில் விடியற்காலையில் பூஜ்யத்தை நெருங்கும் குளிர் உண்டு. கூடாரத்தில் தங்குவதாக இருந்தால் 0 முதல் 5 டிகிரிக்கு ஏற்ற தூக்கப்பை வேண்டும். பிரிஸ்பேன் வீட்டில் போர்த்துகிற மெல்லிய போர்வை இங்கே உதவாது.

செப்டம்பர் விடுமுறையில் மேக்பை பறவைகள் குஞ்சைக் காக்கத் தலையைக் குறிவைத்துப் பாயும். நவம்பர் முதல் மார்ச் வரை குழந்தைகளோடு போகவே வேண்டாம். 35 டிகிரி வெயிலோடு பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும்.

பெருமழைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் பொறுத்திருங்கள். ஓடைப் பள்ளங்களில் வண்டலும் கிளைகளும் ஒதுங்கிக் கிடக்கும், களிமண் மட்கார்டுக்குள் புகுந்து சக்கரத்தையே நிறுத்தும். தாழ்வான கடவுகளின் மேல் தண்ணீர் ஓடினால் அது எத்தனை விரல் ஆழம் என்று அளந்துகொண்டு நிற்காதீர்கள், திரும்பிவிடுங்கள். பாதை எந்த இடத்திலாவது மூடப்பட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் சோமர்செட் வட்டார மன்றத்தின் அறிவிப்பையும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பையும் பாருங்கள்.

சைக்கிள்

விலை முக்கியமில்லை, டயர்தான் முக்கியம். பெரியவர்களுக்கு 40 மி.மீ.க்குக் குறையாத அகலம், 45 முதல் 55 இருந்தால் சுகம். பிள்ளைகளின் 20 அல்லது 24 அங்குல மலைச் சைக்கிளில் வழக்கமாக 1.95 அங்குல டயர் இருக்கும், அது போதும். சாலைச் சைக்கிளின் 28 மி.மீ. டயர் தளர்ந்த சரளையில் புதைந்து முன்சக்கரத்தைத் திருப்பிவிடும்.

காற்றைக் குறைத்து வையுங்கள். பலரும் டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு அடித்துக்கொண்டு வருகிறார்கள். கல் கல்லாகத் துள்ளி மணிக்கட்டு வலிப்பது அதனால்தான். 75 கிலோ ஆள், 45 மி.மீ. டயர், சுமையோடு: முன்னே 32, பின்னே 38 பி.எஸ்.ஐ. 30 கிலோ பிள்ளைக்கு 22 முதல் 25. உள்ளே டியூப் இருந்தால் இதற்கும் கீழே போகவேண்டாம். கல்லில் இடித்ததும் டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும்.

பிரேக்கைக் கடையில் காட்டுவதைவிட வீட்டிலேயே நீங்கள் பார்ப்பது நல்லது. டிஸ்க் பிரேக் என்றால் தகட்டை விட்டுவிட்டு உராயும் பொருள் மட்டும் 1.5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள். ரிம் பிரேக் என்றால் ரப்பரில் உள்ள கோடுகள் மறைந்திருந்தால் மாற்றுங்கள். அடுத்தது பிரேக் பிடி. பிள்ளையின் விரல் எட்டவேண்டும். பிடியின் உள்பக்கம் 2 அல்லது 2.5 மி.மீ. ஆலன் திருகு ஒன்று இருக்கும், அதை உள்ளே திருகினால் பிடி கைப்பிடிக்கு அருகே வரும். ஆள்காட்டி விரலின் முதல் கணு பிடியின் மேல் படியவேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாத குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெனார்கின் இறக்கத்தில் கையை உதறிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரட்டைச் சக்கர டிரெய்லர் நல்லது. ஆனால் சாலைக் கடவுகளில் மோட்டார் வண்டியைத் தடுக்கக் கம்பங்களும் குறுகிய வளைவுத் தடுப்புகளும் நட்டிருக்கிறார்கள். டிரெய்லரைக் கழற்றித் தூக்கி மறுபக்கம் வைக்கவேண்டி வரலாம். பெரியவர் சைக்கிளின் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் ஒற்றைச் சக்கரப் பிள்ளைச் சைக்கிள் நகரத்தில் சரி, இந்தப் பள்ளங்களில் அலைபாயும். தவிர்க்கலாம். மின் சைக்கிள், மிதிக்கும்போது மட்டும் உதவும் வகை என்றால் தாராளமாக எடுத்துவரலாம். ஆனால் 25 கிலோ சைக்கிளைப் பள்ளத்தில் தள்ளி ஏற்றுவதும் நீங்கள்தான் என்பது நினைவிருக்கட்டும்.

ஹெல்மெட் குயின்ஸ்லாந்தில் எல்லா வயதினருக்கும் சட்டப்படி கட்டாயம். டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் போடுங்கள்.

மூட்டை

பிள்ளை முதுகில் பை வேண்டாம். அவர்கள் சைக்கிளில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகள், ஒரு ஜாக்கெட், ஒரு பொம்மை. மொத்தம் 2 கிலோவுக்குள். பெரியவர் ஒருவருக்கு 10 முதல் 12 கிலோ வரை, பின் கேரியரின் இருபுறமும் பேனியர் பைகளில், கனமானது அடியில். மேலே உயரமாகக் கட்டினால் பள்ளத்தில் இறங்கும்போது சைக்கிள் முன்னே தள்ளும்.

நான்கு பேருக்கான பழுதுக் கருவிகள்:

ஒவ்வொரு சக்கர அளவுக்கும் 2 டியூப்; பஞ்சர் ஒட்டுத் துண்டுகள் 10, பசை 2 குழல்; டயர் நெம்புகோல் 3; கைப் பம்ப் 1; ஆலன் சாவிகளும் செயின் ஊசியைத் தள்ளி எடுக்கும் முனையும் அடங்கிய மடக்குக் கருவி; உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி 2; பிரேக் பேட் ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஜோடி; கியர் கேபிள் 1; கேபிள் டை 10; அகலமான துணி டேப் ஒரு மீட்டர்; 30 மி.லி. உலர்வகைச் செயின் எண்ணெய். கேரியர் போல்ட் 4. சிறிய இடுக்கி ஒன்று, முள் பிடுங்க.

இவற்றோடு ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின் கியர் தொங்கும் அலுமினிய ஹேங்கர் ஒன்று உபரியாக வேண்டும். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதன் வடிவம் வேறு. ஊர்க் கடைகளில் கிடைக்காது. வளைந்ததோடு ஓட்டினால் கியர் மாற்றும் கருவி ஆரக்கம்பிக்குள் புகுந்து சக்கரத்தையே தின்றுவிடும்.

கேரியர் போல்டுகள் இந்தப் பாதையின் அதிர்வில் தளரும். மாலையில் ஊர் சேர்ந்ததும் 4 மி.மீ. ஆலன் சாவியால் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். கேரியரின் அடி போல்ட் ஒன்று உதிர்ந்தால் மொத்தச் சுமையும் மற்ற பக்கம் ஏறி, அந்தக் கம்பியும் முறியும்.

தொடக்க ஊருக்குப் போய்ச் சேர்வது

இப்ஸ்விச்சிலிருந்து யாரமன் சாலை வழியே சுமார் இரண்டு மணி நேரம். சைக்கிள் டிரெய்லரோடு வரும் ஷட்டில் வேன்கள் உண்டு. பள்ளி விடுமுறை என்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். பேசும்போது சைக்கிள்களின் எண்ணிக்கை, சக்கர அளவு, மின் சைக்கிளா, இழுவை டிரெய்லர் உண்டா என்பதையெல்லாம் சொல்லுங்கள். 20 அங்குலச் சைக்கிளும் தடிமனான டயரும் சில தாங்கிகளில் உட்காராது.

சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு, பெரியவர் ஒருவர் காரில் கூடவே வருவது. தாத்தாவோ சித்தியோ ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு. நெடுஞ்சாலை பெரும்பாலும் பாதைக்கு அருகிலேயே ஓடுவதால் ஒவ்வொரு ஊரிலும் சந்திக்கலாம். மூட்டை காரில் போய்விடும். பெனார்கின் – லின்வில் காட்டுப் பகுதியில் மட்டும் இந்த வசதியை நம்பாதீர்கள். அங்கே கார் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

பாதையில்

யாரமன் – பிளாக்பட் பகுதி ஏற்ற இறக்கமாக அலைபோல இருக்கும். ஷட்டில் வந்து இறக்க முற்பகல் ஆகிவிடுவதால் முதல் நாளுக்கு 18 போதும். அன்று செய்யவேண்டிய உண்மையான வேலை, முதலில் வரும் சின்னப் பள்ளங்களில் பிள்ளைகளைப் பழக்குவது. முறை இது:

பள்ளத்துக்கு 30 மீட்டர் முன்பே நின்றுவிடுங்கள். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும்: சிமென்ட் தளமா, மணலா, சேறா, தண்ணீரா. மணல் என்றால் எல்லோரும் தள்ளிக்கொண்டுதான். சரியென்றால் இறங்கும் முன்பே லேசான கியருக்கு மாற்றச் சொல்லுங்கள். அடியில் போய் மாற்றினால் செயின் கழன்றுவிடும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்தபடி நேராக இறங்கவேண்டும். சரளையில் திருப்பம் இருந்தால் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பும்போது முன் பிரேக்கை விட்டுவிடவேண்டும். விழுகிறவர்களில் பெரும்பாலோர் திருப்பத்தின் நடுவில் பயந்து முன் பிரேக்கை அழுத்தியவர்கள்.

முந்தினவர் மறுகரை ஏறிய பிறகே அடுத்தவர் இறங்கலாம். வேகத்தில் இறங்கி அந்த வேகத்திலேயே ஏறிவிடலாம் என்ற ஆசை பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு வரும். அடியில் வண்டல் இருந்தால் முன்சக்கரம் நின்றுபோகும், பையன் மட்டும் தொடர்ந்து போவான். ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளுவது தோல்வி அல்ல என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். அப்பாவும் இரண்டொரு இடத்தில் இறங்கித் தள்ளிக் காட்டினால் பிள்ளைகளுக்குக் கூச்சம் போய்விடும். டிரெய்லரோடு இறங்கும்போது குழந்தையை வெளியே எடுத்து நடத்திக் கூட்டிப்போங்கள்.

பிளாக்பட் நல்ல ஊர். பேக்கரி இருக்கிறது. டென்னிஸ் வீரர் ராய் எமர்சன் பிறந்த ஊர் என்பதால் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. மறுநாளுக்கான ரொட்டி, வாழைப்பழம், தண்ணீர் எல்லாம் இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். பெனார்கின் தாண்டியதும் 19 கிலோமீட்டருக்குக் கடை கிடையாது, செல்பேசிச் சிக்னல் பல இடங்களில் இருக்காது.

அந்த 19 கிலோமீட்டர்தான் பாதையின் மணிமுடி. யூகலிப்டஸ் காட்டுக்குள் மலைச்சரிவை வெட்டிய தடம், சுற்றிச் சுற்றி இறங்கும். நீளமான இறக்கத்தில் சின்னக் கைகள் பிரேக் பிடித்துப் பிடித்து மரத்துப்போகும். 3 கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்துங்கள். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வருவதற்குப் பதில், பிடித்து விடு, பிடித்து விடு என்று பழக்குங்கள். பெரியவர் ஒருவர் முன்னே, ஒருவர் கடைசியில். பிள்ளைகள் முன்னால் இருப்பவரைத் தாண்டக்கூடாது என்பது இன்றைக்கு மட்டுமாவது இரும்புச் சட்டம்.

லின்விலில் பழைய நிலையமும் ரயில் பெட்டிகளும் இருக்கின்றன, பக்கத்திலேயே கூடாரம் போடும் திடல். மறுநாள் 36 கிலோமீட்டரில் மூரிலும் ஹார்லினிலும் நிறுத்தம். ஹார்லின் தாண்டி இம்பன் சுரங்கம், 1910-இல் கட்டியது, சுமார் 100 மீட்டர். உள்ளே வெளவால்கள் குடியிருக்கின்றன. இறங்கித் தள்ளிக்கொண்டு, விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்து, கத்தாமல் போகவேண்டும். எதிரொலி கேட்கக் கத்துவது பிள்ளைகளுக்கு இயல்பு, வெளியே நின்று முன்பே சொல்லிவிடுங்கள். சுரங்க வாயில் மூடியிருந்தால் பலகை காட்டும் வழியே சுற்றிப் போங்கள்.

டூகூலாவா முதல் எஸ்க் வரை மேய்ச்சல் நிலம், திறந்த வெளி, வெயில். கேட்டுகள் வரும்: திறந்திருந்ததைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடி விட்டுப் போங்கள். மாடுகள் பாதையில் நின்றால் சைக்கிளை விட்டு இறங்கி மெல்லப் பேசிக்கொண்டே போனால் ஒதுங்கும். கன்றோடு இருக்கும் பசுவை மட்டும் அகலமாகச் சுற்றிப் போங்கள். எதிரே குதிரை வந்தால் நின்று, ஓட்டுபவரிடம் குரல் கொடுங்கள். மணி அடிக்காதீர்கள், மிரளும்.

எஸ்க் – லோவுட் நாள்தான் சோர்வான நாள். கூமினியா வரை 24 கிலோமீட்டருக்கு நிழலும் கடையும் அரிது. கிளாரெண்டன் பாலம் வந்துவிட்டால் மனசு தேறும். கடைசி நாளில் ஃபெர்ன்வேலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். முடிவு நெருங்கிவிட்டது என்று நினைக்கும்போது பைன் மவுண்டன் பக்கத்தில் மறுபடியும் ஏற்றம் காத்திருக்கும்.

பஞ்சர், அதுவும் நெருஞ்சி

வறண்ட ஓரங்களில் நம் ஊர் நெருஞ்சியேதான் இங்கேயும் படர்ந்து கிடக்கிறது. ஓய்வெடுக்கச் சைக்கிளைப் பாதையோரப் புல்லில் சாய்க்காதீர்கள். ஒரு முறை உருட்டினால் ஆறேழு முள் ஏறிவிடும். கிளம்பும் முன்பே டியூப் ஒவ்வொன்றிலும் பஞ்சர் தடுப்புத் திரவம் ஊற்றுங்கள், பெரிய சக்கரத்துக்கு 100 மி.லி., 20 அங்குலத்துக்கு 60. டியூப் வால்வின் நடு ஊசி கழற்றக்கூடியதா என்று வாங்கும்போதே பாருங்கள். திரவம் இருக்கும் டயரில் முள்ளைப் பார்த்தால் பிடுங்கிவிட்டு, ஓட்டை அடியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் வையுங்கள், அடைத்துக்கொள்ளும்.

திரவம் இல்லாத டியூப் என்றால், மாற்றும்போது பலரும் செய்யும் தவறு டயரைத் தடவிப் பார்க்காமல் புது டியூபைப் போடுவது. உடைந்த முள் நுனி டயருக்குள்ளேயே இருக்கும், பத்து நிமிடத்தில் இரண்டாவது டியூபும் போகும். பழைய டியூபில் ஓட்டை எங்கே என்று முதலில் காற்றடித்துப் பாருங்கள், வால்வை அடையாளமாக வைத்து டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். பிறகு ஒரு துணியை உள்பக்கம் முழுச் சுற்றும் இழுங்கள், முள் இருந்தால் நூல் சிக்கும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும்.

தண்ணீரும் சாப்பாடும்

பெரியவருக்கு 3 லிட்டர், பிள்ளைக்கு 2 லிட்டர். வழியில் மழைநீர்த் தொட்டிகள் தென்பட்டாலும் அவை சுத்திகரிக்காத நீர், காய்ச்சாமல் குடிக்கவேண்டாம். தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு முறை நாலு மடக்கு குடிக்க வையுங்கள்.

சிற்றூர்க் கடைகளின் நேரம் நகரத்துக் கணக்கில் வராது. பேக்கரிகள் பிற்பகல் தொடக்கத்திலேயே மூடும். பப் சமையலறைகள் மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும், வாரத் தொடக்கத்தில் சில இடங்களில் அதுவும் இல்லை. தங்கும் இடத்துக்குப் போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சைவக் குடும்பம் என்றால் கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவலும் சாலடும் சீஸ் பிட்சாவும்தான், ஆறு நாள் அதிலேயே ஓட்ட முடியாது. கையில் எடுத்துப் போகக் கனமில்லாதவை: கெட்டி அவல் ஒரு கிலோ (தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் போதும், அடுப்பே வேண்டாம்), 250 கிராம் புளிக்காய்ச்சல் இறுக்கமான டப்பாவில், பருப்புப்பொடி 200 கிராம், வறுத்த ரவை அரை கிலோ, வெல்லம் போட்ட கடலை உருண்டை ஆளுக்கு நாளைக்கு இரண்டு. தயிர்சாதம் கட்டாதீர்கள், வெயிலில் பேனியருக்குள் மதியத்துக்குள் புளித்துவிடும். சமைக்கக் குட்டி காஸ் அடுப்பு போதும். தீத்தடை அறிவித்திருக்கும் நாளில் திறந்த வெளியில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் விதியைப் பாருங்கள்.

பாம்பு, பறவை, அவசரம்

ஈஸ்டர்ன் பிரவுன் என்ற கொடிய விஷப்பாம்பு இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. குளிர்காலத்திலும் நண்பகல் வெயிலில் பாதையில் படுத்திருக்கும். பார்த்தால் நின்று, பத்து மீட்டர் தள்ளி இருந்து, போகவிடுங்கள். உயரமான புல்லுக்குள் பிள்ளைகளை ஒதுங்க அனுப்பாதீர்கள்.

கடித்துவிட்டால்: 000-வை அழையுங்கள். கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கழுவாதீர்கள். மேலே இறுக்கிக் கயிறு கட்டும் ஊர்ப்பழக்கம் இங்கே கூடவே கூடாது. 10 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடிவாயின் மேல், பிறகு விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கைகால் முழுவதும், சுளுக்குக்குக் கட்டும் இறுக்கத்தில் சுற்றுங்கள். கம்போ பம்போ வைத்து அசையாமல் கட்டுங்கள். ஆளை ஓர் அடிகூட நடக்க விடாதீர்கள். இப்படி மூன்று பேண்டேஜ் முதலுதவிப் பையின் மேலேயே இருக்கட்டும்.

செல்பேசியில் அரசின் எமர்ஜென்சி பிளஸ் செயலியை ஏற்றிவையுங்கள். நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவை அது காட்டும், 000-வில் அதைப் படித்துச் சொன்னால் போதும். கிராமப்புறத்தில் டெல்ஸ்ட்ரா சிக்னல் மற்றவற்றைவிட எட்டும். குடும்பத்தில் ஒருவரிடமாவது அந்த சிம் இருக்கட்டும்.

மேக்பை பாய்ந்தால் ஓட்டி விரட்டப் பார்க்காதீர்கள். இறங்கி, ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் கழற்றாமல், கூட்டமாக நடந்து கடந்துவிடுங்கள்.

திரும்பும்போது

வுல்குராகா நிலையம் ரோஸ்வுட் வழித்தடத்தில் இருக்கிறது. பிரிஸ்பேன் போக இப்ஸ்விச்சில் வண்டி மாறவேண்டி வரலாம். 2024 ஆகஸ்ட் முதல் பயணக் கட்டணம் 50 சென்ட் மட்டுமே. கடைசி நாள் வார இறுதியில் விழும்படி திட்டமிட்டால் நான்கு சைக்கிளோடு ஏறுவது எளிது, அலுவலக நேரத்துக் கூட்டத்தில் சிரமம். வார இறுதியில் வண்டிகளுக்கு இடைவெளி அதிகம் என்பதால் ஃபெர்ன்வேலில் இருக்கும்போதே நேரத்தைப் பாருங்கள். மேடையில் சைக்கிளை உருட்டும் முன் டயர்களில் ஒட்டியிருக்கும் முட்களைப் பிடுங்கிவிடுங்கள், ரயில் பெட்டியின் தரையில் உதிர்ந்தால் அடுத்து உட்காருகிறவர் காலில் ஏறும். வீட்டுக்குப் போனதும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, பிரேக் பேடை மறுபடி அளந்து பாருங்கள். புதிதாகப் போட்டதேகூடப் பாதியாகத் தேய்ந்திருக்கலாம்.